தோட்டப் பூக்கள் வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பூச்செடி வளர்ப்பவர்களுக்கு, தாம் நாள்தோறும் நீர் ஊற்றும் செடி எந்த ஊரில் பிறந்தது, யார் கைபட்டு இந்த உருவத்தை அடைந்தது என்ற கேள்வி என்றாவது ஒரு நாள் எழுந்தே தீரும். அவ்வாறு எழும் கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

காட்டுப் பூவுக்கும் தோட்டப் பூவுக்கும் என்ன வேறுபாடு?

காட்டுச் செடிக்குப் பூ என்பது விதை உண்டாக்குவதற்கான உறுப்பு. தேனீயோ அந்துப்பூச்சியோ வந்து மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. மனிதர் வளர்க்கத் தொடங்கிய பிறகு, விதை எவ்வளவு கட்டுகிறது என்பதைவிடப் பூ எவ்வளவு பெரிது, எத்தனை நாள் வாடாமல் நிற்கிறது, அண்டை வீட்டில் இல்லாத நிறம் கிடைக்குமா என்பவையே செடியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள் ஆயின. இவற்றுள் மிகப் பழையது அடுக்குப் பூவின் மீதான ஆசை.

அடுக்குப் பூ எப்படி உண்டாகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுக்குச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து, வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாகப் பிரித்துக்கொண்டே உள்ளே செல்லுங்கள். வெளிவரிசையில் உள்ள ஐந்தும் முழு இதழ்கள். உள்ளே போகப் போக இதழ்கள் சிறுத்துச் சுருங்கும். சிலவற்றின் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தாள் ஆக வேண்டிய உறுப்பு பாதி வழியில் இதழாக மாறியிருப்பதையே அங்கே காண்கிறோம். மகரந்தத்தாளின் உருவாக்கத்தைத் தீர்மானிக்கும் மரபணு தன் இடத்தில் சரிவர இயங்காதபோது இந்த மாற்றம் நிகழ்கிறது. காட்டில் இத்தகைய செடி விதை கட்ட இயலாமல் அருகிப்போகும். தோட்டத்திலோ, அதன் கிளையை வெட்டி நட்டுக் காப்பாற்ற ஒரு கை இருக்கிறது.

மக்கள் எந்தக் காலத்திலிருந்து பூவுக்காகவே செடி வளர்த்தார்கள்?

ஒரே தொடக்கம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. பல நாடுகளில் தனித்தனியாகத் தொடங்கியிருக்கிறது. மாசிடோனியாவில் மைடஸ் மன்னனின் தோட்டங்கள் என்று சொல்லப்பட்ட இடத்தில் 60 இதழ் கொண்ட ரோஜாக்கள் இருந்ததாகக் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், பிலிப்பி நகர மக்கள் பாங்கேயஸ் மலையிலிருந்து நூறிதழ் ரோஜாவைக் கொண்டுவந்து ஊரில் நட்டதைக் குறிப்பிடுகிறார். மலையில் தற்செயலாகத் தோன்றிய ஒரு செடியைக் கண்டு, அது அரிது என்று உணர்ந்து, வேரோடு எடுத்து வீட்டருகே வைத்த அந்தப் பெயர் தெரியாத மனிதர்களே தோட்டக்கலையின் முன்னோடிகள் என்பது என் கருத்து.

ஆயினும் பூ வளர்ப்பை ஒரு முழுமையான கலையாகவும் வாணிகமாகவும் முதலில் உயர்த்தியவர்கள் என்ற பெருமை சீனர்களையே சேரும். 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் ஓயாங் ஷியூ லுவோயாங் நகரத்துப் பியோனி எனும் பெரிய பூக்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஒட்டுக்கட்டும் முறை, நடும் பருவம், நீர் ஊற்றும் நேரம் ஆகியவற்றை அதில் விவரித்ததோடு, மஞ்சள் நிறப் பியோனி வகை ஒன்றின் ஒரே ஓர் ஒட்டுக்குச்சி 5,000 காசுக்கு விலைபோனதையும் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பாவில் டூலிப் கிழங்குக்கு மக்கள் பெரும் விலை கொடுத்த டூலிப் வெறி தோன்றுவதற்கு 600 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

தமிழுக்கு வந்தால், கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் உள்ளன. அவை தலைவியும் தோழியும் மலைச்சாரலில் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள். இன்று நம் வாசலில் அதிகம் தென்படும் ரோஜா, செண்டுமல்லி, காகிதப்பூ, டேலியா ஆகியவற்றுள் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை.

ரோஜா ஆண்டு முழுவதும் பூப்பது இயற்கையான குணமா?

இல்லை. தோட்டப் பூக்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறு எதுவும் நிகழவில்லை என்று நான் கருதுவதால், இந்த விடையைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த கேலிகா, ஆல்பா, டமாஸ்க், சென்டிஃபோலியா முதலிய ரோஜாக்கள், கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள் பூத்துவிட்டு, மறு ஆண்டு வரை வெறும் புதராகவே நின்றன. இலையுதிர் காலத்தில் மறுமுறை சிறிது பூக்கும் ஒரு டமாஸ்க் வகை மட்டும் விதிவிலக்கு. அதே காலத்தில் சீனத் தோட்டங்களில், தட்பவெப்பம் இடங்கொடுக்கும் வரை ஓயாமல் பூக்கும் ரோஜாக்கள் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டு வந்தன. தென்சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு அருகிலிருந்த நாற்றுத் தோட்டங்களில் அவற்றைக் கண்ட வணிகக் கப்பல்காரர்கள் விலைக்கு வாங்கிச் சென்றார்கள். அவ்வாறு இங்கிலாந்தை அடைந்த நான்கு வகைகள் புகழ்பெற்றவை: 1792இல் ஸ்லேட்டர் சிவப்பு, 1793இல் பார்சன்ஸ் இளஞ்சிவப்பு, 1809இல் ஹியூம் வெளிர்வண்ணத் தேயிலை ரோஜா, 1824இல் பார்க்ஸ் மஞ்சள் தேயிலை ரோஜா. சீன ரோஜாக்களில் பல கல்கத்தா வழியாகச் சென்றதால் ஐரோப்பாவில் நெடுங்காலம் வங்காள ரோஜா என்றே அழைக்கப்பட்டன. இவற்றை உருவாக்கிய சீனத் தோட்டக்காரர் ஒருவரின் பெயர்கூட நிலைக்காமல், வாங்கிச் சென்றவர்களின் பெயர்களே ரோஜாவின் பெயர்களாக நிலைத்துவிட்டன. அந்தக் குறையைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது நியாயம் ஆகாது.

ரோஜாவில் வசந்தம் முடிந்ததும் பூப்பதை நிறுத்திவைக்கும் ஒரு மரபணு உண்டு. சீன ரோஜாவில் அந்த மரபணுவுக்குள் இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதன் செயலைத் தடுத்துவிட்டது என்பதைத் தாவர மரபியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். இது ஒடுங்கு பண்பு. அதாவது தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்தால் மட்டுமே வெளிப்படும். எனவே ஐரோப்பிய ரோஜாவையும் சீன ரோஜாவையும் கலந்தபோது பிறந்த முதல் தலைமுறைச் செடிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை பூப்பவையாகவே இருந்தன. மீண்டும் மீண்டும் கலந்து, காத்திருந்து, தேர்ந்தெடுத்த பிறகே பலன் கிடைத்தது. பண்புகள் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதைச் சொல்லும் மெண்டலின் விதிகள் அறியப்படாத அந்தக் காலத்தில், காரணம் தெரியாமலேயே இந்த வேலையைப் பல பதிற்றாண்டுகள் விடாமல் செய்தவர்களின் பொறுமை போற்றத்தக்கது.

அந்த உழைப்பின் விளைவாக 1867இல் லியோன் நகரில் கில்லோ என்பவர் வெளியிட்ட லா ஃப்ரான்ஸ், ஹைபிரிட் டீ எனப்படும் இன்றைய ரோஜா வகுப்பின் முதல் செடியாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. அடர்மஞ்சள் நிறம் 1900இல் பெர்னே டூஷேயின் சொலே தோர் வழியாக வந்தது. பாரசீகத்து மஞ்சள் ரோஜா அதற்குத் தந்தை. பிரான்சின் ஃபிரான்சிஸ் மெய்லாண்ட் உருவாக்கிய ஒரு ரோஜாவின் மொட்டுக்குச்சிகள், இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டுப் பிழைத்தன. அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29 அன்று அதற்குப் பீஸ், அதாவது அமைதி, எனப் பெயர் சூட்டப்பட்டது.

மாலைக்குக் கட்டும் பன்னீர் ரோஜா எந்த வகை?

எட்வர்ட் ரோஜா என்றும் அழைக்கப்படும் இது போர்போன் வகுப்பைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அப்போது போர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் கலந்து நட்டிருந்தார்கள். அந்த வேலியில் தானாகவே கலந்து முளைத்த செடியே இந்த வகுப்பின் மூலம். 1817 வாக்கில் ப்ரேயோன் என்ற தாவரவியலாளர் அதைக் கவனித்துப் பாரிசுக்கு விதை அனுப்பினார். டமாஸ்க்கின் மணமும் சீன ரோஜாவின் ஓயாத பூப்பும் ஒரே செடியில் அமைந்திருப்பதற்குக் காரணம் இந்தப் பிறப்புதான்.

டூலிப் பூவுக்காக ஒரு நாடே சொத்தை இழந்தது என்கிறார்களே, அது உண்மையா?

ஓரளவே உண்மை. டூலிப் டச்சுக்காரர்களின் பூவும் அல்ல. அதன் காட்டு இனங்கள் பெருமளவில் வளர்வது தியான் ஷான், பாமிர் முதலிய மத்திய ஆசிய மலைகளில். அதைத் தோட்டப் பூவாகச் செதுக்கியவர்கள் உதுமானியத் துருக்கியர். ஊசிபோல் கூர்ந்து நீண்ட இதழ்கள் கொண்ட பூவே அவர்கள் விரும்பிய வடிவம். மூன்றாம் அகமது ஆட்சியில் 1718 முதல் 1730 வரையிலான ஆண்டுகளுக்கே துருக்கிய வரலாற்றில் டூலிப் காலம் என்று பெயர்.

மேற்கு ஐரோப்பாவில் 1559இல் ஆக்ஸ்பர்க் நகரத் தோட்டம் ஒன்றில் டூலிப் பூத்திருந்ததைக் கோன்ராட் கெஸ்னர் பதிவு செய்தார். 1593இல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற கரோலஸ் க்ளூசியஸ் நட்ட கிழங்குகள் மறு ஆண்டு பூத்தன. டச்சு நாட்டில் டூலிப் பரவியதற்கு அவருடைய தோட்டமும் அவர் நண்பர்களோடு நடத்திய கிழங்குப் பரிமாற்றமும் முக்கியக் காரணங்கள்.

விலை ஏறியதற்குக் காரணம் செம்பர் அகஸ்டஸ் போன்ற பூக்களின் அழகு: வெண்ணிற இதழில் செந்நிறம் தீப்பிழம்பாகப் படர்ந்திருக்கும். ஒரே நிறத்தில் பூத்துக்கொண்டிருந்த கிழங்கு ஒரு பருவத்தில் திடீரென்று இவ்வாறு வரியிட்டுப் பூக்கும். எது மாறும், எப்போது மாறும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. அது ஒரு வைரஸ் நோய் என்பதும், அசுவினிப் பூச்சிகள் அதைப் பரப்புகின்றன என்பதும் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயின. அந்த மாற்றம் கிழங்கிலிருந்து கிழங்குக்குத் தொற்றக்கூடியது என்பதை இங்கிலாந்தில் டொரதி கேலி 1928இல் நிறுவினார். நோயுற்ற கிழங்கு மெலிந்து, பக்கக் கிழங்குகளைக் குறைவாகவே ஈனும். விதையிலிருந்து வளர்த்தாலோ பூப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆகவே எவ்வளவு பணம் குவிந்தாலும் சரக்கை விரைந்து பெருக்க வழியில்லை.

குளிர்காலத்தில் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குக்குச் சீட்டு எழுதி, அந்தச் சீட்டையே கைமாற்றி விற்கும் வழக்கம் தோன்றியது. 1637 பிப்ரவரி முதல் வாரத்தில் ஆல்க்மார் நகரில் நடந்த ஏலம் ஒன்று சுமார் 90,000 கில்டர் (அக்கால டச்சு நாணயம்) ஈட்டியது. அதே வாரத்தில் ஹார்லெமில் வாங்க ஆள் இல்லாமல் விலை சரிந்தது. இழந்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வணிகர்களும் கைவினைஞர்களும். நாட்டின் பொருளாதாரம் இதனால் வீழவில்லை என்பதை அக்கால ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தேசமே திவாலானது என்ற கதை, பின்னாளில் எழுந்த அறவுரை நூல்களாலும் 1841இல் சார்லஸ் மெக்கே எழுதிய நூலாலும் பரவியது.

செண்டுமல்லி நம் நாட்டுப் பூ இல்லையா?

இல்லை. மெக்சிகோவே அதன் தாயகம். அஸ்டெக் மக்கள் அதைச் சடங்குக்கும் மருந்துக்கும் வளர்த்தார்கள். இறந்தோர் நாளில் கல்லறையை அந்தப் பூவால் அலங்கரிக்கும் வழக்கம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுசென்ற விதை ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்கக் கரையிலும் பரவியது. பிற்காலத்தவர் அதை ஆப்பிரிக்கப் பூ என்றே நம்பி அப்பெயரால் அழைத்தார்கள். இந்தியாவுக்கு அது வந்தது போர்த்துகீசியர் வழியாக. சில நூற்றாண்டுகளுக்குள் கோவில் மாலையிலும் ஆயுத பூசையிலும் அது பெற்றுவிட்ட இடத்தைப் பார்த்தால், ஒரு பூவை மக்கள் ஏற்றுக்கொள்வதற்குப் பிறப்பிடம் தடையாக இருந்ததில்லை என்பது விளங்கும்.

இந்தச் செடிக்கு இயல்பான நிறங்கள் மஞ்சளும் ஆரஞ்சும். அமெரிக்க விதை வணிகர் டேவிட் பர்ப்பீ, வெண்ணிறச் செண்டுமல்லி விதையைக் கொண்டுவருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1954இல் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் முயன்றனர். 1975இல் பரிசைப் பெற்றவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆலிஸ் வோங்க் என்ற வீட்டுத் தோட்டக்காரர். ஆண்டுதோறும் தன் பாத்தியில் மிக வெளிறிய பூவின் விதையை மட்டும் எடுத்து வைத்து மறு ஆண்டு விதைத்ததே அவர் கையாண்ட முறை.

டேலியாவும் மெக்சிகோவிலிருந்து வந்ததா?

ஆம். மெக்சிகோ நகரத்துத் தாவரவியல் தோட்டத்திலிருந்து 1789இல் மாட்ரிட்டுக்கு விதை சென்றது. அங்கே அதை வளர்த்த ஸ்பானியத் தாவரவியலாளர் கவனீயெஸ் 1791இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாகப் பெயரிட்டார். உருளைக்கிழங்குக்கு மாற்றாக அதன் கிழங்கை உண்ணலாமா என்றுகூட ஐரோப்பாவில் ஆராய்ந்தார்கள், சுவை பிடிக்கவில்லை. பெரும்பாலான செடிகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, தோட்ட டேலியாவில் எட்டுத் தொகுதிகள் உள்ளன. விதைக்கு விதை நிறமும் உருவமும் மாறி இத்தனை ஆயிரம் வகைகள் தோன்றியதற்கு இது முக்கியக் காரணம். 1963இல் மெக்சிகோ அதைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

சாமந்தி எப்போது ஐரோப்பாவை அடைந்தது?

சீனாவில் அதன் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கவிஞர் தாவ் யுவான்மிங் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் கிழக்கு வேலியோரம் சாமந்தி பறித்ததைப் பாடினார். 1104இல் லியூ மெங் எழுதிய சாமந்தி நூல் முப்பதுக்கும் மேற்பட்ட வகைகளை விவரிக்கிறது. ஜப்பானில் 16 இதழ்ச் சாமந்தி அரச குடும்பத்தின் சின்னம் ஆயிற்று. ஐரோப்பாவில் அது நிலைத்ததோ 1789இல்தான். மார்செய் நகர வணிகர் ப்ளாங்கார் கொண்டுவந்த மூன்று செடிகளில் ஊதாநிறப் பூ பூக்கும் ஒன்று மட்டும் பிழைத்தது.

சாமந்தி இரவு நீளும் பருவத்தில் மொட்டுவிடும் செடி. பகல், இரவு ஆகியவற்றின் நீளமே பல செடிகளின் பூப்பைத் தீர்மானிக்கிறது என்று கார்னரும் அல்லார்டும் 1920இல் அமெரிக்காவில் வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்தப் பூவின் வாணிகத்தையே மாற்றியது. கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டினால் விரைவில் பூக்கும். இரவில் விளக்கெரித்தால் பூப்பு தள்ளிப்போகும். சாமந்தி வயல்களில் இரவில் வரிசையாக மின்விளக்குகள் எரிவதற்குக் காரணம் இதுவே.

மனிதர் கையால் மகரந்தம் சேர்த்து உருவாக்கிய முதல் தோட்டப் பூ எது?

லண்டன் ஹாக்ஸ்டனில் நாற்றுத் தோட்டம் நடத்திய தாமஸ் ஃபேர்சைல்ட், கார்னேஷன் பூவின் சூல்முடியில் ஸ்வீட் வில்லியம் பூவின் மகரந்தத்தைத் தடவி உருவாக்கிய செடி, ஆண்டு 1717. செடிகளிலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் காமராரியஸ் சோதனையால் காட்டியது 1694இல்தான் என்பதை நினைத்தால், நூலறிவு கைத்தொழிலை எவ்வளவு விரைவாக அடைந்தது என்பது வியப்பளிக்கிறது. அந்தச் செடி விதை கட்டாத மலடு. கோவேறு கழுதைக்கு ஒப்பிட்டு ஃபேர்சைல்டின் கோவேறு என்றே அதை அழைத்தார்கள். படைப்பில் கைவைத்துவிட்டோமோ என்ற அச்சம் அவருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். ஆண்டுதோறும் இறைவனின் படைப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் நடக்க அவர் தம் உயிலில் பணம் ஒதுக்கியது உறுதியான செய்தி.

கப்பலில் மாதக்கணக்கில் செடிகள் எப்படி உயிர்பிழைத்தன?

பெரும்பாலானவை பிழைக்கவில்லை. உப்புக்காற்றும் குடிநீர்ப் பஞ்சமும் அவற்றைக் கொன்றன. 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்ட், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஈரமண்ணில் பெரணி தானாக முளைத்து, நீர் ஊற்றாமலே வளர்வதைக் கண்டார். இலை வெளிவிடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே திரும்புகிறது என்பதை உணர்ந்து கண்ணாடிப் பேழைகள் செய்து, 1833இல் சிட்னிக்குச் செடிகளை அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தோட்டச் செடிகளைக் கொண்டுசென்றது இத்தகைய பேழைகளில்தான்.

இன்றைய ரோஜாக்களில் மணம் குறைந்தது ஏன்?

பூக்கடைக்குச் செல்லும் ரோஜாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் காம்பின் நீளம், இதழின் தடிப்பு, குளிர்சாதனப் பெட்டியில் தாங்கும் நாள்கள் ஆகியவற்றையே பார்த்தார்கள். மணம் கணக்கில் வராததால் தலைமுறைக்குத் தலைமுறை நழுவிப்போனது. ரோஜா மணத்தின் முக்கியக் கூறான ஜெரானியோல் உருவாவதற்கு உதவும் ஒரு நொதியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015இல் அடையாளம் கண்டார்கள். மணமற்ற ரோஜாவில் அது மிகக் குறைவாகவே சுரக்கிறது. இதை ஓர் இழப்பு என்றே நான் எண்ணுகிறேன். பழைய வகைகளை வீட்டுத் தோட்டங்கள் காத்து வைத்திருந்தால்தான் அந்த மணத்தை மீண்டும் கலப்பினத்தில் சேர்க்க இயலும்.

பிடித்த பூவின் விதையை எடுத்து விதைத்தால் அதே பூ வருவதில்லையே, ஏன்?

செடியின் வரலாறு விதையில் கலைந்து வெளிப்படுவதே காரணம். பல மூதாதையரின் கலப்பால் பிறந்த ரோஜாவும் டேலியாவும் விதையில் அந்த மூதாதையரின் பண்புகளைப் புதிய சேர்க்கையில் தருகின்றன. அதே பூ வேண்டுமென்றால் ரோஜாவுக்கு மொட்டு ஒட்டோ குச்சியோ, டேலியாவுக்குக் கிழங்கோ, சாமந்திக்கு வேரடிக் கன்றோ வைத்து வளர்க்க வேண்டும். கடையில் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று குறித்து விற்கும் பெட்டூனியா, செண்டுமல்லி விதைகள் இரண்டு தூய வரிசைகளை ஆண்டுதோறும் புதிதாகக் கலந்து உண்டாக்கியவை. அவற்றின் பிள்ளைச்செடிகள் உயரத்திலும் நிறத்திலும் சிதறும். பழைய நாட்டு வகைச் செண்டுமல்லியாக இருந்தால், பிற வகைகள் அருகில் இல்லாதபோது, விதை ஏறத்தாழத் தாயைப் போலவே வரும்.

விதையே இல்லாத பூவும் உண்டு. கனகாம்பரம் நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. சாதாரண ஆரஞ்சு வகை நன்றாக விதை கட்டி, காய் முற்றியதும் ஈரம் பட்டால் வெடித்துச் சிதறும். டெல்லி கனகாம்பரம் என்று விற்கப்படும் வகையிலோ குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக இருப்பதால் விதை பிடிப்பதில்லை. அந்தச் செடி வேண்டுமென்றால், வைத்திருப்பவரிடம் முற்றாத தண்டுக்குச்சி கேட்டு வாங்கி, நிழலில் ஈரமணலில் ஊன்றி வேர்விடச் செய்ய வேண்டும்.